டயருக்குள் ரப்பர் பால்

குளுவாங், ஜொகூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,



மலேசியாவுக்குப் போனவனெல்லாம் கார் வாங்குகிறான், நீ சைக்கிள் வாங்கியிருக்கிறாயாமே என்று போனில் கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்குப் பஞ்சர் ஒட்ட ஆள் வந்துவிட்டது என்று வைத்தும் விட்டீர்கள். அதனால் சாவகாசமாக எழுதுகிறேன். விலையை மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பணத்துக்கு இங்கே பழைய கஞ்சில் கார் ஒன்று கிடைக்கும்; உங்கள் கடை வாசலில் நிற்கும் வாடகை சைக்கிள் அத்தனையும் கிடைக்கும்.

இதற்குப் பெயர் கிராவல் பைக். ஹேண்டில்பார் ரேஸ் சைக்கிளில் வருகிற ஆட்டுக்கொம்பு. டயர் மட்டும் தடிமன், 40 மில்லிமீட்டர். தார் ரோட்டிலும் ஓடும், சரளை, செம்மண் எதிலும் ஓடும். கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, மட்கார்டு கிடையாது, செயின் கவர் கிடையாது. இவ்வளவையும் கழற்றித் தந்ததற்குத்தான் அந்த விலை.

இன்னொன்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். டயருக்குள் டியூபும் கிடையாது. பதிலுக்கு வால்வு வழியாக வெள்ளையாக எதையோ ஊற்றுகிறார்கள். முள் குத்தினால் அந்த ஓட்டைக்குள் புகுந்து தானே உறைந்து அடைத்துக்கொள்கிறது. உங்கள் தண்ணீர்த் தொட்டிக்கும் உப்புத்தாளுக்கும் சொல்யூஷனுக்கும் வேலையே இல்லை. அது என்ன சரக்கு என்று விசாரித்தேன். பல கம்பெனிகள் விற்பதில் முக்கியமான சங்கதி ரப்பர் பால்தான். மரம் தன் காயத்தை அடைக்கக் கசியவிடுகிற பாலை நாம் வெட்டி எடுத்து, டயரின் காயத்துக்கு ஊற்றுகிறோம்.

யோசித்துப் பார்த்தால் நம் ஆட்கள் இந்த நாட்டுக்குக் கும்பல் கும்பலாக வந்ததே டயருக்காகத்தான் சித்தப்பா. 1888-ல் பெல்ஃபாஸ்ட்டில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர், மகன் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்து மாட்டினார். அதே வருஷம் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு ரிட்லி என்பவர் தலைவராக வந்து சேர்ந்தார். பிரேசிலிலிருந்து லண்டன் சுற்றி 1877-லேயே அங்கே வந்திருந்த ரப்பர் கன்றுகளைச் சீந்துவாரில்லை. மரத்தைச் சாகடிக்காமல் பால் இறக்கும் முறையை ரிட்லிதான் காட்டினார். பையில் விதையைப் போட்டுக்கொண்டு தோட்ட முதலாளிகளிடமெல்லாம் கெஞ்சினாராம். அவர்கள் வைத்த பெயர் 'பைத்தியக்கார ரிட்லி'. பிறகு சைக்கிள் மோகம், அதன் பின்னால் மோட்டார் கார், அதன் பின்னால் நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் கப்பல். நம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்தும் எத்தனை குடும்பம் அதில் ஏறியிருக்கும்! ரஜூலா கப்பலைப் பற்றித் தாத்தா சொல்வாரே.

இப்போது குளுவாங்கைச் சுற்றி ரப்பர் குறைந்து எங்கு பார்த்தாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. இங்கே சைக்கிள் சொர்க்கமாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும்; தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை விழும். அதனால் தோட்டத்தின் எந்த மூலைக்கும் லோரி போகிற மாதிரி செம்மண் ரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை லோரியும் ஓய்வு, டிராக்டரும் ஓய்வு. கேட்டில் காவல் இருக்கும் ஜாகாவிடம் கேட்டு, அவர் தலையாட்டினால் உள்ளே போகலாம். அதன்பின் மணிக்கணக்கில் ஹார்ன் சத்தமே கேட்காது. சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி இதற்காகவே வருகிறவர்கள் உண்டு. அங்கே எல்லாம் இருக்கிறது, புழுதி மட்டும் கிடைக்கவில்லை போலும்.

நம் ஊரில் மேடு என்றால் பாலம்தானே. இங்கே பாதை ஏறி இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும். 510 மீட்டர் லம்பாக் மலை பக்கத்திலேயே இருந்தாலும் அது நடந்து ஏறுகிறவர்களுக்கு. நமக்குக் குன்றே போதும், மூச்சு வாங்க அதுவே தாராளம். இரண்டு குன்றுக்கு நடுவில் பள்ளத்தில் நீர் தேங்கி, கோரையும் வள்ளைக்கீரையும் மண்டிக் கிடக்கும். கொக்கு, கானாங்கோழி, சில சமயம் ஆள் நீளத்துக்கு ஓர் உடும்பு. அது பாதையைக் கடந்து முடிக்கும்வரை இறங்கி நிற்பதுதான் மரியாதை. கஹாங் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு. அங்கே என் மரியாதை இன்னும் அதிகம்: போவதே இல்லை.

எல்லா நீர்நிலையும் ரம்மியம் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய் ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குளங்கள் வரிசையாக இருக்கும். தூரத்தில் பார்த்துவிட்டு ஏரி என்று படம் எடுக்கப் போன நண்பர் போன வேகத்தைவிட நாற்றத்தில் திரும்பி வந்த வேகம் அதிகம். செம்பனையின் ஆண் பூ பூத்திருக்கும் இடத்தில் நேர்மாறு: சோம்பு வாசனை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியவனுக்குப் பிரியாணி ஞாபகம் வந்து பெடல் ஓடாது.

அந்த வாசனைக்கு மயங்குகிற ஒரு குட்டி வண்டு இருக்கிறது. கேமரூன் நாட்டுச் சரக்கு. முன்பெல்லாம் இங்கே ஆட்களை வைத்துத்தான் மகரந்தம் தூவினார்கள். சையத் என்ற பூச்சி ஆராய்ச்சியாளர் ஆப்பிரிக்காவில் இந்த வண்டு செய்கிற வேலையைக் கண்டுபிடித்துச் சொல்ல, 1981-ல் மலேசியாவிலேயே முதன்முதலாக இந்தக் குளுவாங்கின் மாமோர் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்கள். விளைச்சல் ஏறியது, மகரந்தம் தூவிய ஆட்களின் வேலை போனது. வெளிநாட்டிலிருந்து வந்து பெர்மிட் புதுப்பிக்காமல் இன்றுவரை நிம்மதியாக வேலை செய்வது அந்த வண்டு ஒன்றுதான்.

சைக்கிளில் வந்து நாட்டைப் பிடித்த கதையும் இந்த ஊருக்கு உண்டு. 1941 டிசம்பரில் வடக்கே இறங்கிய ஜப்பான் படை சைக்கிளிலேயே தெற்கே வந்து, ஜனவரி கடைசியில் குளுவாங்கைத் தாண்டியது. டியூப் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்களாம். ராத்திரியில் அந்தக் கடகடப்பைக் கேட்டு டாங்கிப்படை என்று எதிராளிகள் நடுங்கினார்களாம். உங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெரிய மரியாதை சரித்திரத்தில் இல்லை. அதே படை பிறகு தோட்டத் தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனதை இந்தக் கடிதத்தில் சேர்க்க மனம் வரவில்லை.

போன மாதம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் தண்ணீர் குடிக்க நின்றோம். எங்கள் எல்லோருக்கும் தலையில் கவசம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, உடம்பை ஒட்டிய உடுப்பு. லயத்துக்காரப் பெரியவர் ஒருவர் வந்து என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“கேரியரே காணோமே தம்பி, பால் வாளியை எங்க வெப்பீங்க?”

“பால் எடுக்க இல்லீங்க ஐயா, சும்மா ஓட்டத்தான்.”

“சும்மாவா? நான் விடியக்காலம் பேர் கூப்பிடற பெரட்டுக்கு இந்த ரோட்டுலதான் சைக்கிள்ல போவேன். வாளி ரெண்டும் ததும்பத் ததும்பத் திரும்பி வருவேன். சும்மா ஒருநாளும் ஓட்டினதில்ல. யாரு சம்பளம் கொடுக்கறாங்க?”

சம்பளம் இல்லை, நாங்கள்தான் செலவு செய்து வருகிறோம் என்றேன். வீட்டுப் பக்கம் திரும்பி, “இவங்க பசியாறல போலருக்கு, ஏதாச்சும் கொண்டா” என்று குரல் கொடுத்தார். தோசை வந்தது. டயருக்குள் ரப்பர் பால் இருக்கிறது என்று மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தோசையை நிறுத்தி மருந்து கொடுத்திருப்பார்.

மற்ற ஞாயிறுகளில் சவாரி முடிவது ரயில் நிலையக் காப்பிக்கடையில். 1938-லிருந்து நடக்கிற கடை. கரி அடுப்பில் வாட்டிய ரொட்டியில் காயா தடவித் தருவார்கள். தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்துக் கிண்டியது. ஓட்டிக் கரைத்ததெல்லாம் அரை மணியில் வட்டியோடு திரும்பிவிடும்.

சைக்கிளோடு நான் நிற்கும் படத்தைத் தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன். சைக்கிளை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பாருங்கள். சித்தியிடமும் தெருவிலும் காட்டுவதாக இருந்தால், இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பொண்ணு பார்க்கிற நேரம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்