லண்டன் கந்தோரின் சின்னக்கடைக் கிளை

சட்டக் கந்தோர் வேலையை ஏன் கடல்கடந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டால், செலவு குறைவு என்பார்கள். வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு நியாயமும் உண்டு. தூரத்தில் இருப்பவருக்குக் கட்சிக்காரர் யார் எவர் என்று தெரியாது. தெரியாதவர் ஊர்க்கதை பேசமாட்டார். 2004இல் தொடங்கிய பாஞ்சியா3 என்ற நிறுவனம், அமெரிக்கர்களின் ஒப்பந்தங்களை மும்பையில் இருத்தி வாசிப்பித்தது. 2010இல் தொம்சன் ரொய்ட்டர்ஸ் அதை விலைக்கு வாங்குமளவுக்கு வியாபாரம் வளர்ந்தது. நியூயோர்க்காரரின் குத்தகைப் பத்திரத்தை வாசிக்கிற மும்பைப் பிள்ளைக்கு அவர் மச்சான் முறையாக வர இடமில்லை.

மன்னாரில் அந்தக் கணக்குப் பிழைத்துப்போகிறது.

நான் சின்னக்கடையில், எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து லண்டன் சொலிசிட்டர் ஒருவருக்கு வேலை செய்கிறேன். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். அவர் பேசிப் பதிந்த கடிதங்களைத் தட்டச்சிடுவேன். நீதிமன்றக் கோவைக்குப் பக்க இலக்கம் போடுவேன். பிறப்பத்தாட்சிப் பத்திரங்களை ஆங்கிலமாக்குவேன். அவருக்குக் காலை ஒன்பது என்றால் எனக்கு மத்தியானம் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. ஊரே சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் நான் "குட்மோர்னிங் சேர்" என்பதைக் கேட்ட பக்கத்து வீட்டு மாமி, பிள்ளைக்கு ஏதோ பிசகு என்று மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டார்.

மன்னார்க் கழுதைகளுக்கு நேர வித்தியாசம் கிடையாது. ஒருநாள் சூமில் முக்கியமான கூட்டம். படலையடியில் நின்று ஒன்று முழுமூச்சாய்க் கத்தித் தீர்த்தது. சேர் பொறுமையாய்க் கேட்டிருந்துவிட்டு, "தங்கச்சி, எதிர்த்தரப்பும் லைனுக்கு வந்திட்டினமோ?" என்றார்.

கரண்ட் கதை தனி. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையின் 30 காற்றாடிகளும் சுழன்றுகொண்டிருக்க, 2022இன் மின்வெட்டில் நாங்கள் மெழுகுதிரி தேடினோம். அந்த மின்சாரம் நேரே தேசிய மின்வலைக்குப் போகிறது. எங்களுக்கு அப்போது மற்ற ஊர்களைப் போல முறைவைத்துத்தான் வந்தது. சேருக்கு இதை விளக்கிச் சொன்னேன். சட்டம் படித்தவருக்கே விளங்கவில்லை.

ஆனால் அவருடைய உண்மையான கவலை இரகசியம்தான். இலங்கையில் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேலாகத் தன் பங்குக்கும் ஒரு பத்திரத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். துணைவேலை வேறு, வழக்கறிஞர் தொழில் வேறு என்றும் பாடம் நடத்தினார். 2018இல் ஏ.கே. பாலாஜி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னதாம்: வெளிநிறுவனம் செய்வது சாரத்தில் சட்டத்தொழிலாக மாறாதவரை குற்றமில்லை. "நீங்கள் தட்டச்சோடு நிற்கவேணும். சட்ட ஆலோசனை நான் பார்ப்பன்."

நான் நின்றேன். அம்மா நிற்கவில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் ஆங்கில எழுத்தில் பெயர் வாசிப்பார். மன்னாரில் பெயர் போதும். எங்கள் கட்சிக்காரர் ஹரோவில் ஒரு வீடு வாங்குகிறார். அந்தக் கோவை திரையில் விரிந்திருந்தபோது, தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா விற்பவரின் பெயரைப் பார்த்துவிட்டார்.

"இது பேசாலையாற்ற மகனெல்லோ?"

"அம்மா, இது ரகசியம்."

"என்ன ரகசியம்? வீடு விக்கிறானெண்டு அவன்ர மாமியார் போன கிழமையே மீன் சந்தையில சொன்னவ. மகளின்ர கலியாணத்துக்குக் காசு முடையாம். இன்னும் பத்தாயிரம் பவுண் இறங்குவானாம்."

கோவையைப் புரட்டினேன். விற்பவர் தரப்பின் கடைசிக் கடிதத்தில், ஒரு பவுணும் குறைக்கமுடியாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. லண்டனிலிருந்து மன்னாருக்குக் கதை கசிந்துவிடுமென்று இத்தனை பூட்டுப் போட்டவர்கள், அது மீன் சந்தைக்கு முதலில் வந்து, பிறகுதான் கோவைக்குப் போகும் என்பதை யோசிக்கவேயில்லை.

அப்போதுதான் கவனித்தேன், மைக் திறந்திருந்தது. லண்டன் பக்கம் சத்தமில்லை. வேலை போய்விட்டதென்றே நினைத்தேன்.

செருமிவிட்டுச் சேர் கேட்டார்:

"தங்கச்சி, அம்மா பகுதிநேரமாய் வேலை செய்வாவோ?"