அப்ப என்னத்துக்குச் சிரிக்கிற?

2023 மே மாதக் கடைசியில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரே கிழமைக்குள் இரண்டு பேர் பிடிபட்டார்கள்.

முதல் ஆள் அப்போதைய புத்தளம் எம்.பி. அலி சப்ரி ரஹீம். மே 23 அன்று துபாயிலிருந்து முக்கியஸ்தர் வாசலால் வந்திறங்கினார். பொதிக்குள் மூன்றரைக் கிலோ அளவில் தங்கம், 91 கைத்தொலைபேசி. சுங்கம் 75 லட்சம் ரூபாய் தண்டம் போட்டது. கட்டிவிட்டு வெளியே வந்தார். மறுநாள் பாராளுமன்றத்துக்குப் போய், அரசாங்கம் தனக்கு உதவவில்லை என்று கோபித்துக்கொண்டு, அரசாங்கத்தின் பிரேரணைக்கு எதிராகக் கை தூக்கினார். மக்கள் பிரதிநிதிக்கும் ரோசம் இருக்கத்தானே செய்யும்.

இரண்டாவது ஆள் நதாஷா எதிரிசூரிய. மே 28. நாட்டை விட்டுப் போக வந்தவர். பொதிக்குள் தங்கமும் இல்லை, போனும் இல்லை. ஏப்ரல் 1 அன்று கொழும்பு பிஷப்ஸ் கல்லூரி மண்டபத்தில் 'மோடாபிமானய' என்ற ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சியில் சித்தார்த்த இளவரசரின் சிறுபராயத்தை வைத்து ஒரு பகிடி சொல்லியிருந்தார். மன்னிப்பும் கேட்டாயிற்று, வீடியோவையும் எடுத்தாயிற்று. ஆனால் பகிடிக்குச் சுங்கத் தண்டம் கிடையாதே. 38 நாள் உள்ளே இருந்தார். அதை யூடியூப்பில் போட்ட புரூனோ திவாகரவையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

போட்ட சட்டம் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கம், ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். மனித உரிமைக்கான சர்வதேச உடன்படிக்கையின் பெயரைத் தலையில் வைத்துக்கொண்டு பிறந்தது. ஐரோப்பாவுக்கு உடுப்பு விற்க ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை வேண்டும். அதற்கு நாங்களும் உரிமை காக்கிறோம் என்று ஒரு கடதாசி காட்ட வேண்டும். காட்டினார்கள். அந்தக் கடதாசியின் 3ஆம் பிரிவில், இன, மத வெறுப்பைத் தூண்டினால் 10 வருசம் வரை சிறை. நீதவானுக்குப் பிணை கொடுக்க அதிகாரமில்லை, மேல் நீதிமன்றம் போக வேண்டும். சிறுபான்மையைக் காக்கத்தான் இது என்றார்கள். அந்தக் காவலின் லட்சணம் அம்பாறைக் கரையில் இருக்கிற எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறிக்குள் வெள்ளையாக ஏதோ கட்டி கிடக்கிறது. மலட்டு மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் கேட்கிறார்கள். கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் ஒழுங்காக வராது. சுற்றிவர ஆட்கள், முகத்துக்கு நேரே போன் கெமரா. தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் ஊரெல்லாம் பரவியது. கடை போனது, வாகனங்கள் போயின, பள்ளிவாசலும் தப்பவில்லை. எல்லாம் முடிந்து ஆறுதலாக அரச இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை வந்தது. மாவுக் கட்டி. ஒரு மனுசனை நிரந்தரமாக மலடாக்குகிற மாத்திரை உலகத்தில் எந்த மருந்துக் கடையிலும் விற்பனைக்கு இல்லை என்பதையும் பிறகு டொக்டர்மார் விளக்க வேண்டியிருந்தது. ஒரு நாடு, ஒரு கட்டி மாவைக் கண்டு தன் சந்ததியே அழியப் போகிறது என்று நடுங்கியது! இதை ஒரு முஸ்லிம் பொடியன் மைக் பிடித்துச் சொன்னால் மத வெறுப்பு. வதந்தியை நம்பிக் கடையை உடைத்தால் உணர்ச்சிவசப்பட்ட இளைஞர்கள்.

உணர்ச்சிவசப்படுகிறவர்களுக்கு இங்கே பதவி உயர்வும் உண்டு. 2014 ஜூனில் அளுத்கமயில் முஸ்லிம்களுக்கு எதிராக மேடையேறி முழங்கினார் ஞானசார தேரர். அன்றே ஊர் எரிந்தது. நீதிமன்றத்தை அவமதித்ததற்காக 2018இல் சிறைக்குப் போனவருக்கு 2019 மே மாதம், ஈஸ்டர் குண்டுகள் வெடித்த அடுத்த மாதமே, ஜனாதிபதி மன்னிப்பு. 2021 ஒக்டோபரில் 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணிக்குத் தலைவர். கள்ளனைக் கூப்பிட்டுத் திறப்புக் கோர்வையைக் கொடுத்த கதை. உலகத்தில் எந்தக் கொமடியனும் இந்த நியமனத்துக்கு மேலே ஒரு முத்தாய்ப்பு வைக்க முடியாது.

இனி நம்ம பக்கம் வருவோம். இதுவரைக்கும் கைதட்டியவர்கள் இனித் தட்ட மாட்டீர்கள்.

நதாஷா உள்ளே போன கிழமை கல்முனையில் தேத்தண்ணிக் கடைகளில் என்ன கதைத்தோம்? 'மதத்தில கை வெச்சா உள்ள போடத்தான் வேணும்.' சொன்னவர்களுக்கு ரம்சி ராசிக் ஞாபகத்தில் இல்லை. பேனையாலும் விசைப்பலகையாலும் சிந்தனைப் போராட்டம் செய்வோம் என்று பேஸ்புக்கில் எழுதிய நோயாளி மனுசன். அதில் ஜிஹாத் என்ற சொல் இருந்ததற்காக 2020 ஏப்ரலில் பிடித்து, இதே சட்டத்தில் ஐந்து மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். அவருடைய உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 நவம்பர் ஆயிற்று. 'நவரசம்' என்று தமிழில் கவிதைப் புத்தகம் போட்ட அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒன்றரை வருசம் உள்ளே கிடந்து, கடைசியில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். ஒரே கயிறுதான். அடுத்தவள் கழுத்தில் விழுந்தபோது முடிச்சு நன்றாக இருக்கிறது என்று பாராட்டினோம்.

ஸ்டாண்ட்-அப் கலைஞர் அலெக்சாண்டர் பாபுவின் நிகழ்ச்சிகளை போனில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்ட ஒரு பொடியன் நம்ம பக்கத்தில் மண்டபம் கேட்டுப் போனான். பொறுப்பானவர் நல்ல மனுசன், கதிரை போட்டு இருத்தித்தான் விசாரித்தார்.

"என்ன நிகழ்ச்சி தம்பி?"

"ஒராள் மைக்கப் புடிச்சிக்கிட்டுக் கதைக்கிற காக்கா. சனம் சிரிக்கும்."

"பயானா?"

"இல்ல."

"எலக்சன் கூட்டமா?"

"இல்ல காக்கா."

"அப்ப என்னத்துக்குச் சிரிக்கிற?"

நியாயமான கேள்வி. ஒராள் கதைக்க ஊரே வாய் மூடிக் கேட்கிறதென்றால் நமக்குத் தெரிந்தது அந்த இரண்டும்தான். பொடியன் ஒரு உதாரணம் சொல்லிக் காட்டினான். சீதனம் ஹராம் என்று ஒரு ஹஸரத் ஒன்றரை மணித்தியாலம் பயான் பண்ணிவிட்டு, களைத்துப் போய், மாமனார் கட்டிக் கொடுத்த மாடி வீட்டுக்குத் தூங்கப் போகிறார். பொறுப்பானவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அப்படியே விழுங்கினார். அவர் இருக்கிறதும் சீதன வீடு. மண்டபம் கிடைக்கவில்லை.

கிடைத்திருந்தால் மட்டும் என்ன, இந்த ஊரில் அரசியல்வாதிகளின் தொழில்முறைப் போட்டி தாங்காது. 2020 பெப்ரவரி 14 இரவு சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை என்று வர்த்தமானி வந்தது. அதற்காகப் பள்ளிவாசல் முன்னின்று சுயேச்சைக் குழு இறக்கி, தோடம்பழச் சின்னத்துக்கு வாக்குக் குத்திய ஊர். வெடி கொளுத்தினோம். ஐந்தாம் நாள் அமைச்சரவை கூடி அதை நிறுத்தியது. காதலர் தினத்தில் கொடுத்த மோதிரத்தைக் கிழமை முடிய முதல் திருப்பிக் கேட்டார்கள். கொளுத்திய வெடிக்கும் காசு தரவில்லை.

அதே வருசம் ஒக்டோபர் 22. கொரோனாவில் போன நம்ம ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த காலம். கிருமி நிலத்தடி நீரில் இறங்கும் என்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லாத விஞ்ஞானத்தை ஒரு குழு கண்டுபிடித்து வைத்திருந்தது. அன்றைக்குப் பாராளுமன்றத்தில் 20ஆம் திருத்தம். எரிக்கச் சொன்ன அரசாங்கத்தின் ஜனாதிபதிக்கு இன்னும் அதிகாரம் கொடுக்கிற வாக்கெடுப்பு. முஸ்லிம் காங்கிரசின் தலைவர் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார். அவருடைய எம்.பி.மார் கல்முனை ஹரீசும் நிந்தவூர் பைசல் காசிமும் ஆதரித்து வாக்களித்தார்கள்.  தலை ஒரு பக்கம், உடம்பு மறுபக்கம். கையைத் தூக்கினால் ஜனாஸா கிடைக்கும் என்று ஊரில் நியாயம் சொன்னார்கள். டிசம்பரில் 20 நாள் பச்சைக் குழந்தையை எரித்தார்கள். அடக்க அனுமதி வர 2021 பெப்ரவரி கடைசி ஆயிற்று. அதுவும் ஓட்டமாவடியில், பட்டாளம் காவல் நிற்க.

கை தூக்கிய இவர்களை யாரும் ஐ.சி.சி.பி.ஆரில் பிடிக்கவில்லை. நம்ம மனசு புண்படவில்லையாம். அடுத்த தேர்தலுக்கு மாலை கட்டியதும் நாம்தான், மேடையில் அவர்கள் சொன்ன பகிடிக்குக் கதிரை உடையச் சிரித்ததும் நாம்தான்.

சிரிப்புக்கு விலை பேசத் தெரிந்தவர்கள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 26இல் சவூதியின் றியாத்தில் கொமடித் திருவிழா தொடங்கியது. டேவ் சப்பெல், கெவின் ஹார்ட், பில் பர் என்று உலகத்தின் பெரிய வாய்கள் எல்லாம் போய் இறங்கின. போக மறுத்த அட்சுகோ ஒகாட்சுகா ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை வெளியே போட்டார். ராச்சியத்தையும் அரச குடும்பத்தையும் மதத்தையும் தொடக் கூடாது. அமெரிக்காவை விட இங்கே பேசுவது லேசு என்று சப்பெல் அந்த மேடையிலேயே சொன்னாராம். லேசுதான். வயதைக் கூட்டிப் போட்ட பாஸ்போட்டில் பணிப்பெண்ணாகப் போன மூதூர்ப் பிள்ளை றிசானா நபீக்கின் தலையை 2013 ஜனவரியில் எடுத்தது இதே ராச்சியம்தான். அவளுக்கு யாரும் ஒப்பந்தம் காட்டவில்லை.

அந்த நிபந்தனைகளை மண்டபம் கேட்டுப் போன பொடியனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இதத்தானே நம்மட ஆக்களும் சென்ன" என்றான். "அவங்களுக்கு வாயப் பொத்திறதுக்குச் சல்லி குடுத்திரிக்காங்க. நம்மகிட்ட வாடகையும் கேட்டாங்க, காக்கா."