பல்பு வாங்குதல்: ஓர் இருபொருள் ஆய்வு

தமிழில் ‘பல்பு வாங்குதல்’ என்னும் தொடருக்கு இரண்டு பொருள் வழங்குகின்றன. கடையில் காசு கொடுத்துப் பல்பு வாங்குவது ஒன்று. நாலு பேர் முன்னால் அசடு வழிவது மற்றொன்று. இவை தம்முள் தொடர்பற்றவை என்றே இதுநாள்வரை கருதப்பட்டு வந்தது. கார் ஹெட்லைட்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வுக் கருவி, இவ்வாய்வாளரின் சின்னக் கார். ஆய்வு தொடங்கிய இடம் திண்டிவனத்துக்கு அருகே ஒரு டீக்கடை. நேரம் இரவு ஒன்பதரை. “அண்ணே, ஒத்தக் கண்ணுல வர்றீங்க. லெஃப்டு எரியல” என்றார் பாய்லருக்குப் பக்கத்தில் நின்றவர். போனது இடக்கண் என்பதில் ஓர் ஆறுதல் இருந்தது. வலக்கண் போயிருந்தால், எதிரே வருபவர் ஏதோ பைக் என்று எண்ணி, அதை ஒட்டினாற்போலப் புகுந்துவிடப் பார்ப்பார். அங்கே காரின் பாதி இருக்கும்.

முதலில் பொருளை அறிவோம். 1959-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த எல்மர் ஃபிரிட்ரிச், எம்மெட் வைலி இருவரும் ஹாலஜன் விளக்குக்குக் காப்புரிமை பெற்றனர். 1962-இல் ஐரோப்பாவில் ஹெச்1 என்ற பெயரில் அது கார் முகத்தில் ஏறியது. நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் காணப்படும் ஹெச்4, 1971-இல் பிறந்தது. ஒரே பல்புக்குள் இரண்டு இழை: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். பின்னால் மூன்று கால். இழைக்கு ஒன்றாக இரண்டு, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. அந்தப் பொதுக்காலை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. பின்னால் வேலை இருக்கிறது.

சாதாரண பல்பில் டங்ஸ்டன் இழை ஆவியாகி, கண்ணாடியில் கரியாய்ப் படியும். ஹாலஜன் பல்பில் அயோடினோ புரோமினோ அந்த ஆவியைப் பிடித்துக்கொண்டு வந்து இழையிலேயே மறுபடி ஒப்படைக்கும். இதற்குக் கூடு 250 டிகிரிக்கு மேல் சுட வேண்டும்; அதனால்தான் குவார்ட்ஸ். அப்படியானால் இழை ஏன் ஒருநாள் அறுகிறது? டங்ஸ்டன் திரும்பி வருவது உண்மை. தேய்ந்த இடத்துக்குத்தான் வருவதில்லை. மெலிந்தவன் பெயருக்கு வந்து, தடித்தவன் வீட்டில் இறங்கும் வெள்ள நிவாரணத்தை இதற்கு உவமையாகக் கொள்ளலாம்.

இனி, தொடாமை. பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெயும் உப்பும் சூட்டில் குவார்ட்ஸைக் கெடுத்து, அந்த இடம் வெளுத்து, பல்பு சீக்கிரம் போய்விடும். நம் நாட்டில் தொடக்கூடாது என்று சொல்லப்பட்டவற்றுள் அறிவியல் ஆதாரம் உள்ளது அநேகமாக இது ஒன்றுதான். அதனாலேயோ என்னவோ, இதை மட்டும் யாரும் கடைப்பிடிப்பதில்லை. இவ்வாய்வாளர் நேரில் கண்ட ஒரு மெக்கானிக், வடை தின்ற கையால் பல்பை எடுத்து, உஃப் என்று ஊதி, பேன்ட்டில் துடைத்து மாட்டினார். தொட்டுவிட்டால் பரிகாரம் உண்டு: ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு மாட்டலாம்.

எந்தப் பல்பு என்ற வினாவுக்கு வருவோம். ஓராண்டுக்கு முன் சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் 60/55 கேட்டபோது, கடைக்காரர் இரக்கத்துடன் பார்த்தார். “அது சும்மா மெழுகுவத்தி சார். 100/90 போடுங்க, ரோடே பகல் மாதிரி இருக்கும்.” இருந்தது. அவர் சொல்லாமல் விட்டது கணக்கு. 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட், 8.3. கம்பியில் எழும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கமாக ஏறுவதால், அதே கம்பி, பல்பின் கால்களைச் செருகும் அதே கப்ளர் கிட்டத்தட்ட 2.8 மடங்கு சுடும். தனிக் கம்பியும் ரிலேவும் போட்டால் கம்பி தப்பும். எதிரே வருபவர் கண் தப்பாது. நீலப் பல்பு இன்னொரு மயக்கம். நீலப்பூச்சு ஒளியைக் கூட்டுவதில்லை. மஞ்சளையும் சிவப்பையும் கழித்துவிட்டு மிச்சத்தை வெள்ளை என்று விற்கிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, கண் கூசாமைக்கு ஓர் இலக்கணம் வகுத்துள்ளன. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, அதன் வலப்புறம் அரை மீட்டரில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள எவருக்கும் கூசக்கூடாது. கண் மிகச் சரியாக அந்த உயரத்தில் அமைந்தவர் எங்கள் வீட்டில் என் மனைவி மட்டுமே. டேப் வைத்து அளந்து அவரை நிறுத்தி, 100/90-ஐப் போட்டேன். களப்பதிவு வருமாறு: “ஏங்க, அணைச்சிட்டு உள்ள வந்து சாப்பிடுறீங்களா இல்லையா?” விதி மீறப்பட்டது என்பது தெளிவு.

இங்கே கறுப்புப் பெயின்ட் குறித்து ஒரு கிளை ஆய்வு அவசியமாகிறது. ஹெட்லைட்டின் மேல்பாதியில் கறுப்படிப்பது நம் பழைய மரபு. ஹெச்4-இல் டிம் இழைக்குக் கீழே தகட்டுக் கிண்ணம் ஒன்று உண்டு. அது கீழே போகும் ஒளியை மறைப்பதால், டிம் ஒளி ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டுச் சாலையில் இறங்குகிறது. ஆகவே மேல்பாதியை அடைத்தால் பெரும்பாலும் அடைபடுவது கூசாத டிம்தான். கூசும் பிரைட்டுக்குக் கீழ்பாதி திறந்தே கிடக்கிறது. நடுவில் ஒட்டும் கறுப்புப் பொட்டோ, பல்பு தன் மூக்கில் ஏற்கெனவே பூசிக்கொண்டு வரும் கறுப்பின் வேலையையே மறுபடி செய்கிறது. நல்லவனைப் பிடித்துக் கட்டிவைக்கும் இவ்வழக்கத்துக்கு வேறு துறைகளிலும் சான்றுகள் உள. அவை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

மாற்றும் முறைக்கு நூற்பா:

இடமும் வலமும் இணைந்தே மாற்றுக;
ஒன்று போயின் மற்றதும் போமே.

இது இவ்வாய்வாளரே யாத்தது. தொல்காப்பியத்தில் தேட வேண்டாம். இரண்டும் ஒரே நேரம் எரிந்தவை, ஆகவே ஆயுளும் ஏறத்தாழ ஒன்று என்பது கருத்து. கப்ளரைப் பிடுங்கி, ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பி லாக்கை விடுவித்தால் பல்பு வரும். திரும்ப ஒரே வாட்டத்தில்தான் உட்காரும். உட்காராவிட்டால் தவறு நம்முடையது. இடப்பக்கம் பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள சந்தில், என்ஜினியர் வீட்டுக் குழந்தையின் கை மட்டுமே நுழையும்படி என் காரை வடிவமைத்திருக்கிறார்கள். நாற்பது நிமிடம், இரண்டு சிராய்ப்பு.

நூற்பாவின்படி, திருந்தி, 60/55 இரண்டு வாங்கி, கண்ணாடியைத் தொடாமல் மாட்டினேன். வலது எரிந்தது. இடது எரியவில்லை.

தெருமுனை எலெக்ட்ரீஷியன் குனிந்து பார்த்தார். கப்ளரை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பொதுக்காலின் துளை உருகிக் கருகியிருந்தது. “பல்பு போகல சார். இதுல 100/90 போட்டிருந்தீங்களா? கழட்டுன பல்பை இடம் வலம் மாத்திப் போட்டுப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே.” பக்கத்துக் கடைக்காரர்கள் மூவர் சிரித்தனர். கருதுகோள் நிறுவப்பட்டது.

புதுக் கப்ளர் போட்டாயிற்று. பழைய 100/90 இரண்டும் பழுதில்லாமல் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கின்றன. யாரும் கேட்க வேண்டாம், தரமாட்டேன்.