பேஸ் பட்டிமன்றத்தில் பேசுவது எப்படி?

உலகின் ஆகச்சிறந்த கிட்டாரிஸ்ட் யார் என்று யார் வேண்டுமானாலும் சண்டை போடலாம். ஆகச்சிறந்த பேஸ் கிட்டாரிஸ்ட் யார் என்பது விவரம் தெரிந்தவர்களின் சண்டை. நடுவில் உட்கார்ந்து தலையாட்டினாலே பாதி மரியாதை வந்துவிடும். மீதிப் பாதியைச் சம்பாதிக்கவே இந்தக் குறிப்புகள். பேஸ் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் வருவது குறைவு. அவர்களுக்கு அன்று எங்காவது கச்சேரி இருக்கும்.

1. கருவியிலிருந்து தொடங்குங்கள்

சாதாரண பேஸ் கிட்டாருக்கு நான்கு தந்திகள். அதில் தடித்த தந்தியின் ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ். கைப்பேசி ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்க வராது. எனவே எவராவது கைப்பேசியை நீட்டி "இதைக் கேளுங்க, அப்புறம் பேசுங்க" என்றால், கேட்டு முடித்துவிட்டு, "எல்லாம் சரி, பேஸ் எங்கே?" என்று கேளுங்கள். முதல் சுற்று உங்களுக்கு.

அடுத்து வரலாறு. 1951க்கு முன்பு பேஸ் என்றால் பெரும்பாலும் ஆள் உயர டபுள் பேஸ்தான். தூக்கிப்போவதும் சிரமம், கூட்டத்தில் கேட்பதும் சிரமம். லியோ ஃபெண்டர் அதைக் கிட்டார் அளவுக்குக் குறுக்கி, மின்சாரம் கொடுத்து, வீணையில் மெட்டு இருப்பதுபோலக் கழுத்தில் ஃப்ரெட்டுகளைப் பதித்தார். விரல் வைத்த இடத்தில் சுருதி பிசகாது. பெயரே பிரெசிஷன் பேஸ். இதைச் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் எடுபடும்.

2. வேட்பாளரைத் தேர்ந்தெடுங்கள்

பால் மெக்கார்ட்னியை நிறுத்தாதீர்கள். அவரைச் சொன்னால், வேறு யாரையும் தெரியாது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அவரைப் பற்றித் துணுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1961இல் பீட்டில்ஸில் பேஸ் வாசித்தவர் விலகியபோது அந்த வேலை இவர் தலையில் வந்து விழுந்தது. இடக்கையர் என்பதால், திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாத வயலின் வடிவ ஹோஃப்னரை வாங்கினார். 1972இல் திருடுபோன அந்தக் கருவி திரும்பக் கிடைத்துவிட்டது என்ற சேதி 2024இல்தான் வெளிவந்தது. எவ்வளவு சூடான வாதமும் இந்தக் கதைக்கு இரண்டு நிமிடம் நிற்கும். அதற்குள் நீங்கள் அடுத்த பாயின்ட்டை யோசித்துவிடலாம்.

ஜேக்கோ பாஸ்டோரியஸ் பாதுகாப்பான வேட்பாளர். லியோ ஃபெண்டர் மெனக்கெட்டுப் பதித்த ஃப்ரெட்டுகளை இவர் பிடுங்கி எறிந்து, பள்ளங்களை அடைத்து, மேலே எபாக்சி பூசி, பேஸைப் பாட வைத்தவர். ஜாஸ் கலைஞர் ஜோ ஜாவினுலை முதலில் சந்தித்தபோது, உலகின் ஆகச்சிறந்த பேஸ் கலைஞன் நான்தான் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். ஜாவினுல் விரட்டப் பார்த்தார்; பிறகு 1976இல் தன் வெதர் ரிப்போர்ட் குழுவில் அவரையே சேர்த்துக்கொண்டார். வேட்பாளரே தனக்கு ஓட்டுப் போட்டு, அந்த ஓட்டும் செல்லுபடியான அபூர்வ வழக்கு இது.

3. வேகத்தை அளவுகோலாக்குங்கள்

ஒரு நொடிக்கு எத்தனை சுரம் என்று எண்ணுவது எளிது. எந்தச் சுரத்தை வாசிக்காமல் விட்டார் என்று எண்ணுவது கஷ்டம். ஆகவே எளிதானதையே எண்ணுங்கள்.

கட்டைவிரலால் தந்தியை அடிக்கும் ஸ்லாப் பாணியை மறக்காமல் இழுங்கள். லாரி கிரஹாம் தன் அம்மாவுடன் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் டிரம்மர் இல்லாமல் போனது. பேஸ் டிரம்முக்குப் பதில் கட்டைவிரலால் ஓர் அடி, ஸ்னேர் டிரம்முக்குப் பதில் இன்னொரு விரலால் ஒரு சுண்டல். ஆள் பற்றாக்குறையில் பிறந்த கலை. இன்று அதை வாசிக்கிறவர்களுக்குப் பின்னாலேயே டிரம்மர் உட்கார்ந்திருக்கிறாரே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நட்பு முறியும்.

4. பொறி வையுங்கள்

எதிராளி கொஞ்சம் அசந்தால், "செவன் நேஷன் ஆர்மி பாட்டில் வருகிற பேஸ் எப்படி?" என்று அப்பாவியாகக் கேளுங்கள். அவர் புகழ ஆரம்பித்ததும் போட்டு உடையுங்கள்: 2003இல் வந்த அந்தப் பாட்டில் பேஸ் கிட்டாரே கிடையாது. கிட்டாரின் ஒலியைக் கருவி வைத்துக் கீழே இறக்கியது.

பேஸ் இல்லாமல் பாட்டே இல்லை என்று எவராவது உணர்ச்சிவசப்பட்டால், பிரின்ஸின் "வென் டவ்ஸ் க்ரை" பாட்டை எடுங்கள். 1984இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு. அதில் பேஸ் துளிக்கூட இல்லை. போதாவிட்டால் மெட்டாலிக்காவின் 1988 ஆல்பம் இருக்கிறது. அதில் பேஸ் வாசித்தவர் உண்டு, கேட்டவர்தான் இல்லை.

5. பட்டியலை மேற்கோள் காட்டுங்கள்

பத்திரிகைப் பட்டியல் உங்கள் ஆளை முதலில் போட்டிருந்தால், அது ஆதாரம். பத்தாவதாகப் போட்டிருந்தால், "பட்டியலையெல்லாம் யார் சார் மதிக்கிறாங்க?" கரோல் கேயின் ஆதரவாளர்களுக்கு இது பொருந்தாது. 1963இல் ஒரு பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வராததால் கிட்டாரை வைத்துவிட்டு பேஸை எடுத்த இந்த அம்மா, 2025இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவிக்க அழைத்தபோது வேண்டாம் என்றுவிட்டார். அவரிடம் பட்டியல் பலிக்காது.

6. யார் வாசித்தது என்ற கேள்விக்குள் போகாதீர்கள்

போனால் விடிந்துவிடும். அறுபதுகளில் மோட்டவுன் நிறுவனம் தன் இசைத்தட்டுகளில் வாசித்தவர்களின் பெயரைப் போடவில்லை. ஆகவே சில பாட்டுகளில் வாசித்தது நான்தான் என்று கரோல் கே சொல்ல, இல்லை, மோட்டவுனின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று மற்றவர்கள் சொல்ல, வழக்கு இன்னும் நடக்கிறது.

நமக்கு இது புதிதல்ல. இளையராஜா பாட்டின் பேஸை வாயாலேயே வாசித்துக் காட்டுகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. கேசட் உறையில் பாடியவர் பெயர் இருந்தது, எழுதியவர் பெயர் இருந்தது. பேஸ் வாசித்தவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. அந்த வரிகளை ராஜாவே நோட்டில் எழுதிக் கொடுப்பார் என்பதால், பெருமை எழுதிய கைக்கா வாசித்த விரலுக்கா என்று இன்னொரு பட்டிமன்றம் கிளம்பும். அதற்குத் தனியாக ஒரு ராத்திரி ஒதுக்குங்கள்.

7. கடைசிச் சீட்டு

எல்லாம் தோற்றால் ஜேமர்சனை இறக்குங்கள். டெட்ராய்டில் மோட்டவுன் பாட்டுகளின் அடித்தளத்தைப் போட்டவர். வலக்கையில் ஒரே ஒரு விரலால்தான் வாசிப்பார். அதற்குக் கொக்கி என்றே பெயர். தந்தியை மாற்றவே மாட்டார், அழுக்கில்தான் ஒலி இருக்கிறது என்பார். அவர் பெயர் அச்சில் வந்தது 1971இல், மார்வின் கேயின் "வாட்ஸ் கோயிங் ஆன்" ஆல்பத்தில்.

1983 மார்ச்சில் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழா, கலிஃபோர்னியாவின் பாசடீனாவில். மைக்கேல் ஜாக்சன் முதன்முதலாக மூன்வாக் ஆடிய மேடை அது. ஆடிய "பில்லி ஜீன்" பாட்டில் டிரம்ஸ் தொடங்கியதும் அடுத்து வந்து சேர்வதே பேஸ்தான். ஜேமர்சன் அந்த அரங்கில் இருந்தார், மேடையில் அல்ல. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து மாடியில் உட்கார்ந்திருந்தார். ஆகஸ்டில் இறந்துபோனார். வயது 47.

இதைச் சொன்னபின் எதிராளி பேசமாட்டார். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், ஆனால் ஜெயித்த மாதிரி இருக்காது. அப்போது ஜேமர்சன் வாசித்த பாட்டு ஒன்றைப் போடுங்கள். கைப்பேசியில் வேண்டாம். யார் வீட்டிலாவது பழைய பெரிய ஸ்பீக்கர் இருக்கும்.