கிரகம் சார்

விடியற்காலையில் ஒரகடம் ஜங்ஷனில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் ஒருவர் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால், ஏதோ பேனர் படிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். விடிவெள்ளி தெரிகிறதா என்று தேடுகிறார். ராத்திரி முழுக்க ஹைமாஸ்ட் விளக்கு எரிகிற எங்கள் ஊரில் வானத்தில் மிஞ்சுவது நிலா, வெள்ளி, வியாழன், அப்புறம் கொஞ்சம் தைரியசாலியான நாலைந்து நட்சத்திரங்கள். அதை வைத்துக்கொண்டே அவர் மாதம் இரண்டு கட்டுரை எழுதிவிடுகிறார். பள்ளிக்கூடம் கூப்பிட்டால் பேசவும் போவார்.

வேலை, வாகன உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி. பத்து மைக்ரான் கூடினால் பீஸைத் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போடுகிற மனிதர், "அந்த நட்சத்திரம் 500இலிருந்து 700 ஒளியாண்டு தொலைவில் உள்ளது" என்று கூசாமல் எழுதுவார். கேன்டீனில் அவருக்குக் கிரகம் சார் என்று பெயர். அதில் மரியாதை பாதி, "என்ன கிரகமோ!" என்று தலையில் அடித்துக்கொள்கிற பாவம் பாதி.

எதையும் எங்கள் சாலையின் கணக்கில்தான் சொல்லுவார். நிலா 3,84,000 கிலோமீட்டர். கண்டெய்னர் லாரி மணிக்கு 60 கிலோமீட்டரில் நிற்காமல் ஓடினால் 267 நாள். சூரியனுக்கு 285 வருஷம். இதை டீக்கடையில் ஒரு டிரைவரிடம் சொல்லிப் பார்த்தார். "நிற்காமலா? முதல்ல இந்த ஜங்ஷனைத் தாண்டச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் டீயை முடித்தார்.

பத்திரிகைக்காரர்கள் வேறு ரகம். சிறுகோள் கட்டுரை அனுப்பினால் போன் வரும்.

"சார், இதனால பூமிக்கு ஏதாவது ஆபத்து?"

"ஒண்ணும் இல்லீங்க."

"சின்னதாவாவது?"

கட்டுரை 'பூமிக்கு ஆபத்தா?' என்ற தலைப்பில் வந்தது. கடைசி வரியில் இவர் எழுதியிருந்த "இல்லை" மட்டும் இடப்பற்றாக்குறையில் போயிற்று.

மனசு நொந்தால் சிந்தாமணி ரகுநாதாச்சாரியைத் துணைக்குக் கூப்பிடுவார். மதராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறுவிண்மீனைக் கண்டவர். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடக்கப் போகிறது என்று, நம் ஜனங்களுக்குப் புரிகிறபடி இந்திய மொழிகளில் சின்னப் புத்தகம் போட்டார். "என் வேலையை 19ஆம் நூற்றாண்டிலேயே செஞ்ச மனுஷன்யா!" என்று பஸ்ஸில் இவர் உருகும்போது, அவர் பஞ்சாங்கக் கணக்கைத் திருத்தப் பாடுபட்டவர் என்பதையும் வாய்தவறிச் சொல்லிவிட்டார். பின்சீட்டிலிருந்து உடனே குரல் வந்தது: "அப்ப அவரும் ஜோசியர்தானா?"

இந்த ஜோசியச் சனி அவரை விடுவதாயில்லை. உச்சகட்டம் 2020 தொடக்கத்தில் நடந்தது. திருவாதிரை நட்சத்திரம் வழக்கத்தைவிட மங்கிப்போய் உலகமே அதைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் ஒருவர் ஓரமாக வந்தார்.

"பையன் ரோகிணி, பொண்ணு திருவாதிரை. ரஜ்ஜு தட்டுதுங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க சார்?"

"ஜோசியம் எனக்குத் தெரியாது அண்ணே. ஆனா திருவாதிரை அருமையான நட்சத்திரம். சீக்கிரம் வெடிக்கப் போகுது."

"வெடிக்கவா? எப்ப?"

"நாளைக்கே வெடிக்கலாம். ஒரு லட்சம் வருஷமும் ஆகலாம். ஏன், ஏற்கெனவே வெடிச்சும் இருக்கலாம். தகவல் நமக்கு வந்துசேர ஐந்நூறு, அறுநூறு வருஷம் ஆகும்."

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அப்ப பொண்ணு வீட்ல மறைக்கிறாங்களா சார்?"

சம்பந்தம் நின்றுபோனது. பிறகு, நட்சத்திரம் மங்கியதற்குக் காரணம் அதுவே வெளித்தள்ளிய தூசி என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். கிரகம் சார் நேரே ஃபோர்க்லிஃப்டிடம் போய், "வெறும் தூசிதான் அண்ணே, பயப்படாதீங்க" என்றார். அதற்குள் பையனுக்கு அஸ்வினியில் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள்.

ஒரே ஒரு நாள் அவர் ஜெயித்ததை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஏப்ரல் 24 வாக்கில் பகல் 12 மணி 8 நிமிடத்துக்குச் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு நேரே வரும்; செங்குத்தாக நிற்கிற பொருளுக்குப் பக்கத்தில் நிழல் விழாது. ஆகஸ்ட் 18 வாக்கிலும் இது உண்டு, ஆனால் அதை மேகம் கெடுத்துவிடும். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பன்னிரண்டு எம்.எம். போல்ட்டைத் தலைகீழாக, செக்யூரிட்டி மேஜையின் வெள்ளைத் தாள் மேல் நிறுத்தினார். தட்டோடு வந்த ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றோம். போல்ட்டின் ஓரமாகக் கறுப்பு நூல்போல ஒட்டியிருந்த நிழல் இளைத்து, உள்ளே இழுத்துக்கொண்டு, காணாமல் போனது. யாரும் பேசவில்லை. சாம்பார் ஆறியது.

"தஞ்சாவூர் கோபுரம் மாதிரியே இருக்கே!" என்றார் செக்யூரிட்டி தாத்தா.

"தஞ்சாவூர் கோபுர நிழல் தினமும் தரையில விழுது தாத்தா. போய்ப் பாருங்க."

அவ்வளவுதான், கூட்டம் இரண்டு கட்சியாகி, சைரன் அடிக்கிற வரை சண்டை. ஆனால் தாத்தா அந்த போல்ட்டைத் திருப்பித் தரவில்லை. ஒரு வாரம் கழித்து இவரை கேட்டில் நிறுத்தி, "தெற்குப் பக்கம் நாலு மில்லி வந்திருச்சு சார்" என்று ரகசியமாகச் சொன்னார். அன்றைக்குக் கிரகம் சார் ஒரு பீஸைக்கூட ரிஜெக்ட் செய்யவில்லை என்று லைனில் பேச்சு.

ஸ்ரீபெரும்புதூருக்கு உறவினர் வந்தால் ஊரைச் சுற்றிக்காட்டுவார். ராஜீவ் நினைவிடத்தில் நின்றுகொண்டு, காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986இல் திறந்துவைத்தது இவர்தான் என்பார். ஆதிகேசவப் பெருமாள் சந்நிதித் தெருவில், காவலூரிலிருந்து 1988இல் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை சொல்லப்போக, பூக்கார அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இது கணக்கு ராமானுஜன், உங்கள் உடையவர் இல்லை என்று விளக்க இவருக்கு வாய் வரவில்லை. இரண்டு முழம் மல்லிகை இனாமாக வேறு கிடைத்தது.

அவருடைய ஆயுள்கால ஆசை, ஒரே ஒரு ராத்திரி இந்தப் பக்கத்து விளக்கெல்லாம் அணைய வேண்டும் என்பது. அது நிறைவேறியது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்து, கம்பங்கள் சாய்ந்து, ஊரே இருண்டது. மறுநாள் ராத்திரி ஜெமினிட் எரிகல் பொழிவின் உச்சம். தெருவையே திரட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார். மேலே போய்ப் பார்த்தால், கிழக்கே முழுநிலா. அதுவும் பூமிக்குப் பக்கத்தில் வந்து, வழக்கத்தைவிடப் பெரிதாக, ஹைமாஸ்ட் விளக்குப் போல. எரிகல்லும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பாய், தலையணையோடு வந்தவர்கள் காற்றாட உட்கார்ந்துவிட்டார்கள்.

இவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். வீட்டுக்கார அம்மா குடத்தோடு படியேறி வந்து ஆறுதலாகச் சொன்னார்:

"நல்லவேளை சார், நிலா இருக்கு. இல்லாட்டி ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."