ஓட்டைக் காலணாவின் ஓட்டை: ஒரு மதிப்பீட்டு ஆய்வு

நாணயவியல் அறிஞர்கள் செம்பை எடை போட்டார்கள், வெள்ளியை உரசிப் பார்த்தார்கள், ஓட்டையைச் சீந்துவாரில்லை. அக்குறை தீர்க்கவே இவ்வாய்வு. களம்: குன்னூர் அருகே ஒரு லயன் வீட்டின் தகரக் கூரை. கருவி: ஏணி. மறுதரப்பு: என் அத்தை.

இரண்டாம் உலகப் போரில் செம்புக்குத் தட்டுப்பாடு வந்தது. 1943இல் அரசு காலணாவைச் சுருக்கி, வயிற்றிலும் துளை போட்டது. முந்தைய காலணா ஏறத்தாழ 5 கிராம். இதுவோ 2 கிராம். ஆனால் கடையில் இரண்டுக்கும் ஒரே மரியாதை. எதுவானாலும் 64 கொடுத்தால்தான் ஒரு ரூபாய். ஆக, காணாமல் போன 3 கிராம் செம்பின் வேலையை ஓட்டைதான் பார்த்திருக்கிறது. இவ்வளவு பொறுப்பான பள்ளத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஊட்டி சாலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டுப் பென்னியை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏலத்தில் அதன் விலை எங்கோ போகிறது. நம்முடையதை 1947 வரை மும்பை, கல்கத்தா, லாகூர் மட்டுமின்றித் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்ததும், பிழைக்கத் தெரிந்த காலணாக்கள் வேறு வேலை தேடிக்கொண்டன. சில குழந்தைகளின் அரைஞாணில் ஏறின. எங்கள் காலணா, கூரைத் தகரத்தை இறுக்கும் கொக்கி போல்ட்டில் வாஷராக அமர்ந்தது.

"அதைக் கழட்டாதடா, மாமா போட்டது" என்றார் அத்தை. ஆய்வறம் உறவு பார்க்காது; கழற்றினேன்.

பனியிலும் மழையிலும் கிடந்து பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. இங்கேதான் ஆய்வாளன் சறுக்கினான். செம்பைக் கண்டால் புளியைத் தேடும் கை நமது. தேய்த்ததும் கிரீடம் பளபளத்தது, ஆண்டு தெளிந்தது: 1944. ஊட்டி மார்க்கெட் பக்கம் பழங்காசு வாங்குபவரிடம் நீட்டினேன். லென்ஸ் கூட எடுக்கவில்லை.

"புளி போட்டீங்களா சார்?"

"கொஞ்சம்தான்."

"தேய்க்காம கொண்டாந்திருந்தா இருபது. இப்போ பத்து."

எனவே களிம்பின் விலை பத்து ரூபாய், செம்பும் ஓட்டையும் சேர்ந்து பத்து. பழைய காசு வாங்கி விற்கும் பேரில் தன் பெயரைச் சொல்லி வரும் மோசடி அழைப்புகளை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2021இல் எச்சரித்திருந்தது. என்னைத்தான் யாரும் அழைக்கவேயில்லை.

விற்க மனமின்றித் திரும்பினேன். ஐப்பசி மழை எனக்கு முன்பே வீடு சேர்ந்திருந்தது. கூரையில் போல்ட் இருந்த இடத்திலிருந்து அடுப்புக்கு நேராகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அத்தை பேசாமல் ஒரு குண்டானை அடியில் வைத்தார். நான் ஏணியைச் சாத்தி, பையில் இருந்த பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஓட்டை இல்லை.