இடுப்பு ஆடுது, முதுகை ஏன்டா திட்டுற?

ஏன்டா தம்பி, பசியாறிட்டியா? பசியாறினாத்தான் நான் திட்டுறது செரிக்கும். கூலாயில இருந்து இருட்டோட மோட்டார் எடுத்து, 1924-ல தொறந்த அந்த ஒரு கிலோமீட்டர் பாலத்துல மணிக்கணக்கா குந்தியிருந்து, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போற. முதுகு வலிக்குதுன்னு ஹேண்ட்போன்ல எவனோ காட்டுற பயிற்சிய மூச்சு வாங்கச் செய்யுற. அவன் உன்னைப் பார்த்தானா? நீதான்டா அவனைப் பார்த்த!

செம்பனைக் குலை வெட்டுற உங்க மாமனுக்கு அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலி. உனக்குக் குனிஞ்சு குனிஞ்சு. ரெண்டு பேருக்கும் ஒரே பயிற்சின்னா, ஒரே செருப்பையும் போட்டுக்குங்க. அந்தச் செருப்பைத்தான் கொஞ்சம் திருப்பிக் காட்டேன். குதிகால்ல வெளி ஓரம் லேசா தேயுறது எல்லாருக்கும் உள்ளது. உனக்கு ஒத்தைச் செருப்பு மட்டும் வழுக்கையாயிருக்கே, அதையாவது கவனிச்சியா?

அந்தக் காலத்துல தோட்டத்துப் பிரட்டுல நின்ன தண்டல், நாங்க நடந்து வர்றதை வச்சே யாருக்குக் கால் சுளுக்கு, யாரு ராத்திரி கள்ளு குடிச்சவன்னு கண்டுபிடிச்சிடுவாரு. எல்லாம் ஏசுறதுக்குத்தான். இப்ப அந்த வேலைய பிசியோ பார்க்குறாங்க. அவங்க ஏச மாட்டாங்க, அதான் உனக்கு நம்பிக்கையில்ல.

முதல்ல பக்கவாட்டுல நிறுத்தி காது, தோள், இடுப்பு, முட்டி, கணுக்கால் ஒரே கோட்டுல வருதான்னு பார்ப்பாங்க. கோடு கொஞ்சம் கோணுனதுக்காக நோயாளின்னு படுத்துக்காதே. நடந்து காட்டினாத்தான் சங்கதி வெளிய வரும். நடக்குறப்போ ஒரு கால் ஏறக்குறைய 60 பங்கு நேரம் தரையில, 40 பங்கு அந்தரத்துல. ஒத்தைக் கால்ல உடம்பு நிக்கிற அந்த நொடியில, இடுப்புப் பக்கத்துச் சதை வலுவில்லேன்னா மறுபக்கம் இடுப்பு இறங்கிடும். டிரெண்டலன்பர்க்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 1895-லயே எழுதி வச்சிட்டாரு. சில பேர் அதை மறைக்க உடம்பையே சாய்ச்சு நடப்பாங்க. நாம தெனாவெட்டுன்னு பேர் வச்சிருவோம்.

சதைதான் காரணம்னா ஒருக்களிச்சுப் படுத்துக் காலைத் தூக்கணும், சுவரைப் பிடிச்சு ஒத்தைக் கால்ல நிக்கணும். கணுக்கால் இறுகியிருந்தா கெண்டைச்சதைய நீட்டி விடணும். சில வாரம் கழிச்சுத் திரும்ப நடக்க விட்டுப் பார்ப்பாங்க. நடை மாறலேன்னா பயிற்சி மாறும். காலு மரத்து வலுவில்லாமப் போனாலோ, ஒண்ணுக்கு அடக்க முடியலேன்னாலோ பிசியோ, பயிற்சின்னு நிக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடு.

பிசியோகிட்டப் போனா பதிவு இருக்கான்னு கேளு. அதுக்குன்னே 2016-ல நம்ம மலேசியாவுல சட்டம் போட்டிருக்கு.

நடக்கச் சொன்னதும் மாப்பிள்ளை முறுக்கு காட்டாதே. அதுக்குத்தான் அவங்க பேச்சுக் கொடுத்துக்கிட்டே நடக்க விடுவாங்க. அப்பவும் நீ நடிச்சா, பில்லு கட்டிட்டு வெளிய போறப்போ பார்க்கச் சொல்லு. அந்த நடையில பொய் இருக்காது.